பேட்டரி மாற்றியதும் கார் கண்ணாடி பாதியில் நிற்கிறதா?

கேள்வி: காரில் பேட்டரி மாற்றிய பிறகு டிரைவர் பக்கக் கண்ணாடி ஆட்டோவில், அதாவது சுவிட்சை ஒருமுறை இழுத்து விட்டால் தானாக, ஏறுவதில்லை. சுவிட்சை இழுத்துப் பிடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. சில சமயம் மேலே போய் முட்டியதும் தானாக இறங்கிவிடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: இல்லை. இழுத்துப் பிடித்தால் ஏறுகிறது என்றாலே மோட்டாரும் ஃபியூஸும் நன்றாக இருக்கின்றன. கதவுப் பேனலைக் கழற்ற வேண்டாம்.

ஆட்டோ வசதியுள்ள ஜன்னலில் மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பதை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். கண்ணாடி எந்த உயரத்தில் நிற்கிறது என்பது அந்தக் கணக்கை வைத்துத்தான் தெரியும். ஏறும் வழியில் தடை வந்தால் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கண்ணாடி இறங்கும். உச்சியில் தடை வந்தால் மூடியாயிற்று என்று நிற்கும். பேட்டரியைக் கழற்றியதில் உச்சி எது என்ற கணக்கு அழிந்துவிட்டது. அதை மறுபடி காட்டிக் கொடுப்பதுதான் ரீசெட்.

எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு இக்னிஷனை ஆன் செய்யுங்கள். எஞ்சினை ஓடவிட்டால் இன்னும் நல்லது. வோல்டேஜ் குறைந்தால் ரீசெட் பதியாமல் போகலாம். சுவிட்சை அழுத்திக் கண்ணாடியை அடிவரை இறக்குங்கள். இறங்கிய பிறகும் 2 முதல் 5 விநாடி விரலை எடுக்காதீர்கள். அடுத்து சுவிட்சை மேலே இழுத்துப் பிடித்து, கண்ணாடி முழுவதும் மூடிய பிறகும் அதேபோல் 2 முதல் 5 விநாடி விடாமல் பிடியுங்கள். பிறகு ஒருமுறை ஆட்டோவில் இறக்கி ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களுக்கு இது போதும். சில மாடல்களில் 10 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டும், சிலவற்றில் இதையே இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். காரோடு வந்த கையேட்டில் பவர் விண்டோ பகுதியில் சரியான முறை இருக்கும்.

பலரும் கோட்டை விடுவது அந்தக் கடைசி விநாடிகளில்தான். கண்ணாடி மூடியதும் விரல் தன்னால் சுவிட்சை விட்டுவிடும், ரீசெட் பதியாது. பின் கதவுகளிலும் ஆட்டோ இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பல கார்களில் டிரைவர் பக்கச் சுவிட்சிலிருந்து செய்தால் ஏற்காது, அந்தந்தக் கதவின் சுவிட்சைத்தான் பிடிக்க வேண்டும். விண்டோ லாக் பட்டன் அழுந்தியிருந்தால் பின் சுவிட்சுகள் வேலையே செய்யாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சில் ஆட்டோ என்ற குறி இல்லாத கதவுக்கு இந்த வேலையே இல்லை.

ஒரு எச்சரிக்கை: ரீசெட் முடியும்வரை, விரல் சிக்கினால் இறங்கும் பாதுகாப்பை நம்பக் கூடாது. குழந்தைகளைக் காரிலிருந்து இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் உச்சிக்குச் சற்று முன்பே கண்ணாடி திரும்புகிறதென்றால் ஓர ரப்பரைப் பாருங்கள். கண்ணாடி ஓடும் பள்ளத்தில் மண் அடைந்தோ ரப்பர் காய்ந்தோ இருந்தால் அந்த உராய்வையே தடை என்று எடுத்துக்கொள்ளும். ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிகான் ஸ்ப்ரே லேசாக அடித்துவிட்டு மறுபடி ரீசெட் செய்யுங்கள். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ போடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். விடாமல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் சூடேறி மோட்டார் தானே நின்றுவிடும். சில நிமிடம் ஆறவிட்டால் ஓடும்.