மகனின் ஹெர்னியாவுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது. குளிப்பாட்டும்போது அவன் தொடை இடுக்கில் ஒரு வீக்கத்தைப் பார்த்தேன். அழுதால் பெரிதாகிறது, தூங்கினால் மறைந்துவிடுகிறது. பக்கத்து கிளினிக் டாக்டர் ஹெர்னியா (குடலிறக்கம்) என்று சொல்லித் தனியார் நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார். சின்ன அறுவைச் சிகிச்சைதான், அன்றே வீட்டுக்குப் போகலாம், செலவு 9,000 வெள்ளி போல ஆகும் என்றார்கள். கணவர் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறார். நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கையில் 3,500 வெள்ளிதான் இருக்கிறது. கணவரின் சித்தப்பா மகன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். "முதல்ல ஷீல்டு பிளான் எடுங்க, அப்புறம் ஆபரேஷனை வைங்க" என்று தனியார் மருத்துவக் காப்புறுதி ஒன்றைச் சொல்கிறார். மாமியாரோ தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து அடகு வைக்கச் சொல்கிறார். என்ன செய்வது? (சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: வளையலை அத்தையின் கையிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள். அடகுக் கடையில் மாத வட்டி 1.5 சதவீதம் வரை போகலாம். வருடத்துக்கு 18. உங்களுக்கு அது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

பணத்துக்கு முன்னால் ஒன்று. குழந்தைகளின் இந்த வகை ஹெர்னியா பிறக்கும்போதே மூடியிருக்க வேண்டிய வழி மூடாததால் வருவது. தானாகச் சரியாகாது, அதனால் டாக்டர் சொன்னது சரிதான். வீக்கம் கல் போல இறுகி, உள்ளே போகாமல், பையன் வலியில் கத்தி வாந்தி எடுத்தால் எந்தக் கணக்கும் பார்க்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அப்படி இல்லாதவரை யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. எத்தனை வாரம் பொறுக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 9,000. உங்கள் மகன் சிங்கப்பூரர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் பிறந்த நாளிலிருந்தே அவனுக்கு மெடிஷீல்டு லைஃப் என்கிற அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. பிறவிக் குறைபாடும் அதில் அடக்கம். ஆனால் அது அரசு மருத்துவமனையின் சலுகைக் கட்டணத்தை மனதில் வைத்து அமைத்த திட்டம். தனியார் பில் என்றால் அதில் 25 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுக்கும். 9,000க்கு அது 2,250. அதிலும் முதலில் நாம் கட்ட வேண்டிய டிடக்டிபிள் என்கிற தொகையைக் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். மருத்துவச் செலவுக்கென்று உங்கள் சம்பளத்திலிருந்து சேரும் மெடிசேவ் கணக்குக்கும் வரம்பு உண்டு. அறுவைச் சிகிச்சையின் வகையைப் பொறுத்து 250 முதல் 7,550 வெள்ளி வரை எடுக்கலாம். அந்த 7,550 பெரிய ஆபரேஷன்களுக்கானது. சின்ன ஆபரேஷன்கள் பட்டியலின் கீழ்ப் பாதியில்தான் நிற்கும். எஞ்சியது முழுக்க ரொக்கம். மாமியாரின் வளையல் பேச்சு இங்கேதான் வந்திருக்கிறது.

அதே ஆபரேஷனை அதே குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சலுகை நோயாளியாகச் செய்தால் கணக்கே வேறு. பலதுறை மருந்தகத்துக்கு (அரசு பாலிகிளினிக்) மகனைக் கூட்டிப்போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். கேகே மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ சலுகை வகுப்பில் நேரம் குறிக்கச் சொல்லுங்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசு மானியம் முதலில் கழியும். மீதியில் மெடிஷீல்டு, மெடிசேவ் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும். எந்த டாக்டர் செய்வார் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, காத்திருக்கவும் வேண்டும். இந்த ஆபரேஷனுக்கு அது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரியவில்லை. குழந்தை ஹெர்னியா அங்குள்ள குழந்தை அறுவை நிபுணர்களுக்கு அன்றாட வேலை. தேதி குறிக்கும்போது நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்ற மதிப்பீட்டையும் கேட்டு வாங்குங்கள். தனியாரிடமே போவது என்று முடிவெடுத்தாலும், சுகாதார அமைச்சு அறுவைச் சிகிச்சைக் கட்டணங்களுக்கு வெளியிட்டிருக்கும் அளவுகோலை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஏஜென்ட் தம்பியின் யோசனைக்கு வருகிறேன். டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகு எடுக்கும் ஷீல்டு பிளான் இந்த ஹெர்னியாவுக்குப் பணம் தராது. விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும், சொன்னால் இந்த நோய்க்குப் பணம் இல்லை என்று விலக்கு போட்டுவிடுவார்கள். மறைத்தால் நாளைக்கு வேறு பெரிய நோய் வரும்போது பாலிசியே செல்லாது என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். இது அவருக்குத் தெரியாமல் இருக்காது. குடும்பத்துக்குள் சண்டை வேண்டாம், "ஆபரேஷன் முடியட்டும், பிறகு பேசலாம்" என்று சொல்லிவிடுங்கள்.

கையிலிருந்து போகும் பணத்துக்கு நான் சொல்லும் வழி பிள்ளை மேம்பாட்டுக் கணக்கு. சிடிஏ என்பார்கள். மகன் பிறந்ததும் அதில் அரசு போட்ட பணம் (2023 பிப்ரவரி 14க்கு முன் பிறந்திருந்தால் 3,000, பிறகு என்றால் 5,000) இன்னும் இருக்கிறதா, பாலர் பள்ளிக்கே கரைந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். கரைந்திருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும், ஒரு வரம்பு வரை, அரசும் ஒரு வெள்ளி போடும். அந்த வரம்பு இன்னும் நிரம்பவில்லை என்றால், ஆபரேஷனுக்குக் கட்டப்போகும் ரொக்கத்தை இப்போதே அந்தக் கணக்கில் போடுங்கள். அரசின் பங்கு வந்து சேர ஓரிரு வாரம் ஆகும் என்பதால் கடைசி நாளில் போட்டால் பயனில்லை. பதிவு செய்த மருத்துவமனையில் அந்த அட்டையைத் தேய்த்தே கட்டலாம். 600 வெள்ளி பில்லுக்கு உங்கள் கையிலிருந்து 300 என்றாகிவிடும். இதைச் செய்யாமல் நேராக வங்கி அட்டையை நீட்டும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிச் செய்தவன்தான்.

என் மகளுக்கு ஐந்து வயதில் காதில் சின்னக் குழாய் வைத்தார்கள். காலை ஐந்து மணிக்கே எழுந்து பால் கேட்டாள். வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிய வைக்க முடியாமல், குளிர்சாதனப் பெட்டிக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். மயக்கம் தெளிந்ததும் அரைமணி நேரம் யாரென்றே தெரியாதவள் போல அழுதாள். மூன்றாம் நாள் சோஃபாவிலிருந்து குதித்தாள். மருத்துவமனை பில் எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது டாக்சி, இரண்டு நாள் வேலை, போகாத பாலர் பள்ளிக்குக் கட்டிய முழுக் கட்டணம்.

உங்கள் வீட்டில் அந்த மறைமுகச் செலவு இன்னும் கூடும். கணவர் ஒரு நாள் வண்டி எடுக்காவிட்டால் வருமானம் இல்லை, வண்டி வாடகை மட்டும் ஓடும். அதனால் விடுப்பை நீங்கள் எடுங்கள். மகனுக்கு ஏழு வயதாகும்வரை வருடத்துக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உங்களுக்கு உண்டு, சம்பளத்தோடு. ஆபரேஷன் நாளும் அடுத்த இரண்டு நாளும் போதும். பிறகு அத்தை பார்த்துக்கொள்வார். நீச்சலும் விளையாட்டுத் திடலும் எப்போது என்பதை டாக்டர் சொல்வார். அதுவரை அவனை உட்கார வைப்பதுதான் பாடு.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நான்கு பேர் வாழும் வீட்டில் வண்டி ஓட்டும் ஒருவர் ஆறு வாரம் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மகனின் தையல் ஆறிய பிறகு ஏஜென்ட் தம்பியைக் கூப்பிட்டு, பையனை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். அவருக்கு இருக்கும் பாலிசிகளை எழுதி அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.