சோகம் ராகத்திலா, கேட்பவரிடமா?

கேள்வி: கல்பாத்தித் தேரையொட்டி நடக்கும் கச்சேரிகளைக் கேட்டவர்கள் நிறைந்த மனத்தோடு வீடு திரும்புகிறார்கள். நவீனக் கதைகளில் மட்டும் யாராவது பாடத் தொடங்கினாலே துயரம் கவிந்துவிடுகிறது. எழுத்தாளர்கள் சோக ராகமாகத் தேடிப் பிடிக்கிறார்களா?
— வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: ராகத்தின் மேல் பழி போட வேண்டாம். முகாரி என்றாலே அழுகை என்பது நம் பேச்சுவழக்கு. ஆனால் 'ஏலாவதாரமெத்துகொண்டிவி' என்று தியாகராஜர் ராமனிடம் அவதாரத்துக்கான காரணத்தைக் கேட்பதும் முகாரியில்தான், அதில் ஒப்பாரியின் சாயல் துளியும் இல்லை. பாட்டு அதே பாட்டுத்தான். அதைக் கேட்கிறவரின் நிலைதான் நவீனக் கதையில் மாறிவிடுகிறது. கச்சேரியில் நாம் பக்கத்திலிருப்பவரோடு சேர்ந்து தாளம் போடுகிறோம், சபாஷ் சொல்கிறோம், மங்களம் பாடி முடித்துவைக்கவும் ஆள் இருக்கிறது. நவீனக் கதையின் மனிதன் தனியாகக் கேட்கிறான். அவனுக்கு மங்களம் பாட யாருமில்லை.

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்கள்' (1914) தொகுப்பில் கடைசியாக வரும் 'இறந்தவர்கள்' கதையைப் பாருங்கள். விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில், கிரெட்டா மாடிப்படியில் நின்றபடி மேலே யாரோ பாடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாடுகிறவருக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருக்கிறது. பாட்டு ஒழுங்காகக்கூட வரவில்லை. கீழே இருட்டில் நிற்கும் கணவன் கேப்ரியலுக்குப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை, மனைவி நிற்கும் அழகு மட்டும் தெரிகிறது; தான் ஓவியனாயிருந்தால் இதை வரைந்து 'தூரத்து இசை' என்று பெயர் வைக்கலாமே என்று எண்ணிக்கொள்கிறான். அது 17 வயதில் செத்துப்போன ஒருவன் பாடிய பாட்டு என்பதும், அவன் அவளை நேசித்தவன் என்பதும் விடுதி அறைக்குப் போன பிறகே அவனுக்குத் தெரியவருகின்றன. ஒரே பாட்டு, ஒரே படிக்கட்டு. ஆனால் ஒருத்தி கேட்டதை மற்றவன் கேட்கவேயில்லை. அந்த இடைவெளிதான் கதையின் துயரம்.

மார்செல் ப்ரூஸ்டின் 'இழந்த காலத்தைத் தேடி' நாவல் வரிசையில் 1913-இல் வெளியான முதல் பாகத்தில் இது இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. வயலினுக்கும் பியானோவுக்குமான ஒரு சொனாட்டாவில் வரும் சிறு இசைத்துணுக்கு, ஸ்வானுக்கும் ஒடெத்துக்கும் காதலின் தேசிய கீதம் போல ஆகிவிடுகிறது. பின்னால் அவள் மனம் விலகிவிட்ட காலத்தில், அவள் இல்லாத ஒரு விருந்தில், எதிர்பாராமல் அதே துணுக்கு ஒலிக்கிறது. ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, மாறியதெல்லாம் காலம்தான்.

காஃப்காவின் கடைசிக் கதையின் நாயகி யோசஃபினா, எலிக்கூட்டத்தின் பாடகி. அங்கேயோ, அவள் பாடுவது பாட்டா அல்லது எல்லா எலிகளும் போடும் வெறும் கீச்சொலியா என்பதே கதைசொல்லிக்குச் சந்தேகம். சோகம் அங்கே கொஞ்சம் சிரிப்போடு வருகிறது.

தமிழில் எல்லாரும் இப்படியல்லர். தி. ஜானகிராமனின் 'செய்தி' கதையில் நாதஸ்வரத்தில் 'சாந்தமுலேக' கீர்த்தனையைக் கேட்கும் மேல்நாட்டு இசைஞர் போல்ஸ்காவுக்கு மொழியும் தெரியாது, சாமா ராகமும் தெரியாது. இருந்தும் அதை மீண்டும் வாசிக்கச் சொல்லி, அதில் அமைதியின் செய்தியைக் கண்டடைகிறார். அங்கே இசை ஆற்றுகிறது. மௌனியின் 'பிரபஞ்ச கானம்' இதற்கு நேர் எதிர். பாடக் கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்த பெண் தன் திருமணத்தின்போது பாடி உயிரை விடுகிறாள். அவளுக்குள் அடைபட்டிருந்த கானம் பிரபஞ்சத்துக்கே திரும்பிவிடுகிறது. அந்த முடிவு சற்று நாடகத்தனமானது என்பது என் அபிப்பிராயம். அவள் பாடாமல் இருந்த நாள்களை மௌனி எழுதியிருக்கும் விதமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் செம்பை வைத்தியநாத பாகவதருக்குக் கச்சேரி நடுவே குரல் போய்ப் பின்னர் மீண்டதைக் குருவாயூரப்பன் அருள் என்று இன்றும் சொல்கிறோம். நவீன எழுத்தாளராயிருந்தால் குரல் போன மேடையோடு கதையை நிறுத்தியிருப்பார். நீங்கள் முதலில் 'செய்தி'யைப் படித்துவிட்டுப் பிறகு மௌனியிடம் செல்லுங்கள். ஜாய்ஸை நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படிக்கலாம்.