எம்.ஆர்க் (கட்டடக்கலை முதுகலை) டிசர்டேஷன் (ஆய்வேடு): உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மேடம், 'செட்டிநாட்டு வீடுகளும் காலநிலையும்' என்று சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்தேன். ரொம்ப அகலம் என்று கைடு திருப்பிவிட்டார். எப்படிச் சுருக்குவது?

பதில்: கைடு சொன்னது சரி. உங்களிடம் தலைப்பு இருக்கிறது, கேள்வி இன்னும் இல்லை. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகளில் முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டிருப்பார்கள், சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க. சூடான காற்று மேலே ஏறி வெளியேறுகிற வழி அந்த முற்றம்தான். அதை அடைத்த பிறகு சுற்றியுள்ள தாழ்வாரத்தில் வெப்பம் என்ன ஆகிறது? இப்படிக் கேளுங்கள். ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே அளவு முற்றத்தோடு, மூடிய வீடு ஒன்று, திறந்த வீடு ஒன்று பிடித்து, மே மாதத்தில் ஒரே நாட்களில் இரண்டிலும் டேட்டா லாகர் (வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யும் கருவி) வையுங்கள், தாழ்வாரத்தில் ஒரே உயரத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில். வெளியே நிழலிலும் ஒன்று வேண்டும், அது இல்லாமல் எதோடு ஒப்பிடுவீர்கள்? அப்புறம், இரண்டு வீட்டை அளந்துவிட்டு செட்டிநாடு முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: பேப்பர்கள் நிறையப் படித்துவிட்டேன். லிட்ரேச்சர் ரிவ்யூ (முந்தைய ஆய்வுகளின் அலசல்) எழுத வரவில்லை.

பதில்: பேப்பருக்கு ஒரு பத்தி என்று எழுதுவதை நிறுத்துங்கள். யார் யாரோடு ஒத்துப்போகிறார், எங்கே முட்டிக்கொள்கிறார்கள், எதை யாருமே அளந்து பார்க்கவில்லை, இந்த வரிசையில் எழுதுங்கள். உங்கள் கேள்வியைத் தொடாத பேப்பரை, எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்திருந்தாலும், விட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்னையின் பழைய அரசுக் கட்டடம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். ஆவணங்களுக்கு எங்கே போவது?

பதில்: எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கல்லூரிக் கடிதத்தோடு போங்கள். பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோப்பில் ஒரு வருடமும் கட்டடத்துக் கல்வெட்டில் வேறு வருடமும் இருந்தால் பயப்படவேண்டாம், ஒன்று அடிக்கல் நட்டது, மற்றது திறந்ததாக இருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: டிராயிங் எல்லாம் பின்னிணைப்பில் போட்டால் போதுமா?

பதில்: போதாது! இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். நாம் கட்டடக்கலைக்காரர்கள், நம் வாதமே டிராயிங்கில்தான் இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணித் தட்டைக் கூரை கசிவதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். தேக்கு உத்தரம், அதன்மேல் மூலைவாட்டத்தில் நெட்டுக்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம், மேலே தட்டோடு (தட்டையான ஓடு). இதை மூன்று பக்கத்துக்கு விவரித்தாலும் ஜூரிக்கு (மதிப்பிடும் குழுவுக்கு) புரியாது, 1:10 செக்‌ஷன் (வெட்டுத்தோற்ற வரைபடம்) ஒன்றை அந்தப் பத்திக்குப் பக்கத்திலேயே போட்டுத் தண்ணீர் இறங்கும் பாதையை அம்புக்குறியால் காட்டினால் பார்த்த உடனே புரியும். அளவை நீங்களே டேப் பிடித்து எடுங்கள். எவரோ வரைந்த ஆட்டோகேட் ஃபைலில் சுவரெல்லாம் நேராக இருக்கும், நிஜத்தில் இருக்காது, அந்த வளைவில்தான் பல நேரம் உங்களுக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார். ஏஐ-யை வைத்து எழுதலாமா?

பதில்: இலக்கணம் திருத்த உங்கள் கல்லூரி அனுமதித்தால் பயன்படுத்துங்கள், செய்ததை முன்னுரையில் சொல்லிவிடுங்கள். வாதத்தை அதனிடம் கொடுக்காதீர்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பதில் சொல்லப்போவது நீங்கள். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினாலே போதும். கொத்தனாரிடம், வீட்டுக்காரரிடம் பேசுவதைத் தமிழிலேயே பதிவு செய்து, அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே வைத்துக்கொண்டு பிறகு மொழிபெயருங்கள்.