கண்ணாடியில் தெரிந்த ஜன்னல்

வணக்கம். நல்ல தாளில் பிரிண்ட் போட்ட படங்களைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். என் போனில் பதினெட்டாயிரம் படங்கள் இருக்கின்றன, எல்லாம் கிளவுடிலும் பத்திரமாக உள்ளன. வேண்டியதைத் தேடிப் பெரிதாக்கிப் பார்க்கலாம், நிறமும் திரையில்தான் பளிச்சென்று இருக்கிறது. அப்புறம் எதற்குத் தாள்? அப்படியே போட்டாலும் சாதாரணத் தாள் போதாதா?
கே.

அன்புள்ள கே.,

வேண்டியதைத் தேடி எடுக்கலாம் என்கிறீர்கள், சரி. ஆனால் இருப்பது நினைவில் இருந்தால்தானே தேடுவோம்? அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எதையோ படிக்கும் படம் ஒன்று ஆறேழு வருடமாக என் போனில் கிடந்தது. எத்தனையோ முறை விரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். அதை ஏ4 அளவில் பிரிண்ட் போட்டு மேசையில் சாய்த்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து, யாரிடமோ போனில் பேசிக்கொண்டே சும்மா அதைப் பார்த்தபோதுதான், அம்மாவின் இடது பக்கக் கண்ணாடியில் ஒரு ஜன்னலும் அதன் முன்னால் இரண்டு கையையும் தூக்கிப் படமெடுக்கும் நானும் தெரிந்தோம், நகத்தின் அளவுகூட இருக்காது. போனிலும் அது இருந்ததுதான், பெரிதாக்கினால் தெரிந்திருக்கும். பெரிதாக்கத் தோன்றவே இல்லை. தேடாதபோதும் படம் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதற்காகத்தான் நான் தாளை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சாதாரணத் தாள் போதாது. அதில் மை நாருக்குள் ஊறிப் பரவிவிடும், கருப்பு சாம்பலாகிவிடும், அந்த ஜன்னலெல்லாம் வெறும் கறையாகத்தான் தெரியும். போட்டோ தாளில் மேலே ஒரு பூச்சு உண்டு, அது மையை மேற்பரப்பிலேயே பிடித்து வைத்துக்கொள்வதால்தான் கருப்பு கருப்பாக நிற்கிறது, நிழலுக்குள் இருக்கும் முடியும் துணி மடிப்பும் தெரிகின்றன. அடுத்தது ஆயுள். செய்தித்தாளை வெயிலில் போட்டால் மஞ்சளாவதற்குக் காரணம் மரக்கூழில் இருக்கும் லிக்னின், பருத்தி இழையில் செய்த தாளில் அந்தத் தொல்லை இல்லை. பால் வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கும் தாளைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் வெண்மைக்கென்றே சேர்த்த ரசாயனம்தான் அந்தப் பளபளப்பு, வருடங்கள் போகப் போக அது வலுவிழந்து தாளின் உண்மை நிறம் வெளியே வந்துவிடும். மையிலும் சாயமாகக் கரைந்திருப்பதைவிட நுண்துகளாக இருக்கும் பிக்மென்ட் மை பொதுவாக அதிக நாள் மங்காமல் நிற்கும்.

முதல் பிரிண்ட் இருட்டாக வந்தால் மனம் விட்டுவிடாதீர்கள். திரை தானே ஒளிவிடுகிறது, தாளோ தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. திரையின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வைத்துப் படத்தைச் சரிசெய்யுங்கள், முதலில் சின்னதாக ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு வைத்தால் 4×6 படத்துக்கு 1200×1800 பிக்சல் போதும், ஏ4 அளவுக்குச் சுமார் 2480×3508 வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படமே இதற்குத் தாராளம். ஆனால் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த பிரதியை எடுக்காதீர்கள், எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபிரேம் போடும்போது படம் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் அட்டை விளிம்பு வையுங்கள். நான் வைக்காமல் விட்டு, ஈரப்பதத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, பிரிக்கப் போனதில் அக்காவின் முகம் பாதி உரிந்து வந்துவிட்டது. இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

கிளவுடை விட்டுவிடச் சொல்லவில்லை, அதுவும் இருக்கட்டும். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை வடிவமைத்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃபே 2015இல், கோப்புகளைத் திறக்கும் மென்பொருள்கள் பிற்காலத்தில் இல்லாமல் போகலாம், உண்மையிலேயே முக்கியமான படங்களை அச்சிட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார்.

பதினெட்டாயிரத்தில் பத்து மட்டும் எடுங்கள். அந்தப் பத்தைத் தேர்ந்தெடுக்கவே ஒரு சாயங்காலம் போய்விடும், போகட்டும். பின்பக்கம் மென்மையான பென்சிலால் யார், எப்போது என்று எழுதிவிடுங்கள். அம்மா படத்தின் பின்னால் தேதியை எழுதிவிட்டேன். அன்று என்ன படித்துக்கொண்டிருந்தார் என்று இன்னும் அவரிடம் கேட்கவில்லை, அதற்கு ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.