‘ஹால்ப் டிரை’ என்றால் இரண்டரை மணி

மேற்படிப்புக்காக ஸ்டுட்கார்ட் வரவிருக்கும் பெருந்துறைத் தம்பி ஒருவர், செலவு குறைவாக ஜெர்மன் கற்க எந்தச் செயலியை வாங்கலாம், ஏ1-இல் தொடங்கும் மொழித் தேர்ச்சிப் படிகளில் மூன்றாவதான பி1 நிலையை ஆறு வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் வகுப்பில் எழுபதாயிரம் ரூபாய் கட்டிச் சேரலாமா, இங்கே நம்மூர் மளிகை கிடைக்குமா, வாடகை எவ்வளவு என்றெல்லாம் கேட்டிருக்கிறார். மளிகையும் வாடகையும் வந்தபின் தெரிந்துகொள்ளக் கூடியவை. அந்த எழுபதாயிரத்தைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

தம்பி, அந்தப் பணத்தைத் தயவுசெய்து கட்டிவிடாதீர்கள். குடியேறுவோருக்கென்று ஜெர்மன் அரசு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில், ஒருவரைப் பி1 நிலைக்குக் கொண்டுவர மொழிக்கு மட்டும் 600 பாடவேளைகள் ஒதுக்கப்படுகின்றன. கடைவீதி முழுக்க ஜெர்மன் ஒலிக்கும் நாட்டிலேயே அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்றால், ஆறு வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது மனப்பாடம் மட்டுமே. 2009-இல், அப்பா மஞ்சள் விற்றுக் கொடுத்த பணத்தில் முப்பதாயிரத்தை நானும் அப்படி ஓரிடத்தில் கட்டினேன். நகலெடுத்த புத்தகம் ஒன்றும், தேர்வுக்கென்று எழுதிவைத்த பத்துக் கடிதங்களும் கொடுத்தார்கள். என் பெயரையும் ஊரையும் தடங்கலின்றி ஒப்பிப்பேன். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் வாயடைத்துப் போய்விடும்.

ஜெர்மனிக்கு வந்த இரண்டாவது வாரம், வாடகைக்கு வீடு பார்க்க வரச்சொன்ன வீட்டுக்கார அம்மாள், தொலைபேசியில் ‘ஹால்ப் டிரை’ என்றார். ஹால்ப் என்றால் அரை, டிரை என்றால் மூன்று. ஆகவே மூன்றரை மணி என்று நினைத்துக்கொண்டு, பனியில் நடந்து மூன்று இருபதுக்கே வாசலில் போய் நின்றேன். ஜெர்மானியர் கணக்கில் அது மூன்றாவது மணியில் பாதி, அதாவது இரண்டரை. அந்த அம்மாள் கதவைத் திறந்து ஒன்றும் பேசாமல் கைக்கடிகாரத்தைக் காட்டினார். வீடு அதற்குள் வேறொருவருக்குப் பேசி முடிந்துவிட்டது. அடுத்த ஏழு வாரம் ஒரு நண்பரின் அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்தேன்.

கற்பதற்குத் தேவையானவை பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. டாய்ச்சே வெல்லே ஒலிபரப்பு நிறுவனத்தின் ‘நீக்கோஸ் வேக்’ என்ற காணொளிப் பாடம் ஏ1 முதல் பி1 வரை செல்கிறது. அவர்களே செய்திகளை மெதுவாக வாசித்தும் வெளியிடுகிறார்கள். கேட்டபடியே படிக்க அதன் எழுத்து வடிவமும் உடன் இருக்கும். ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்னும் வயதுவந்தோர் கல்வி நிலையங்களின் இணையப் பாடங்கள் பி2 வரை இலவசம். தேர்வின் மாதிரித் தாள்களை, அதை நடத்தும் கோதே நிறுவனமே தன் தளத்தில் வைத்திருக்கிறது. சொற்களை மறவாமலிருக்க ஆங்கி என்ற செயலி போதும்; கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அதற்குக் காசில்லை, ஐபோனில் மட்டும் உண்டு.

ஆனால் செயலியைவிட எனக்கு உதவியது, ஈரோட்டு மஞ்சள் மண்டியில் அப்பாவுக்குக் கொடுத்த நாட்குறிப்பு. நாம் பொருளைப் பார்த்துப் பால் சொல்பவர்கள். இவர்களுக்கோ மேசை ஆண்பால், கதவு பெண்பால், சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ இரண்டுமல்லாத மூன்றாம் பால். அதனால் மேசையை வெறும் ‘டிஷ்’ என்று எழுதாமல், பாலைக் காட்டும் முன்சொல்லோடு ‘டேர் டிஷ்’ என்றே எழுதினேன்: ஆண்பாலின் டேர் நீலத்தில், பெண்பாலின் டீ சிவப்பில், மூன்றாம் பாலின் டாஸ் பச்சையில். இன்றும் ஒரு சொல்லில் ஐயம் வந்தால் அந்த நிறம்தான் முதலில் கண்முன் வருகிறது.

இன்னொன்று, ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகவே கற்கவேண்டும் என்று நினைக்காதீர்கள். ‘வைல்’ என்று காரணம் சொல்லத் தொடங்கினால், நம் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். மரியாதைக்கு ‘ஸீ’, நெருக்கத்துக்கு ‘டூ’ என்பதும், ‘வாங்க, சொல்லுங்க’ என்று பேசி வளர்ந்த கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆங்கிலமே போதும் என்று இங்குள்ள நம்மவர் பலர் உங்களிடம் சொல்வார்கள். நம்பாதீர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே வாழ்ந்த ஒருவர், மருத்துவரிடம் தன் நெஞ்சுவலியைச் சொல்வதற்குப் பத்து வயது மகளைப் பள்ளிக்கு விடுப்பு எடுக்கவைத்து அழைத்துப் போனதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அந்தக் குழந்தையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. என் மகனின் ஆசிரியையிடம் நானே உட்கார்ந்து பேசுகிறேன்; அதில் எனக்குப் பெருமை உண்டு.

பேசிப் பழகத்தான் ஆள் வேண்டும். பல ஊர் நூலகங்களிலும் தேவாலயங்களிலும் நடக்கும் ‘ஷ்பிராஹ் கஃபே’ என்ற கட்டணமில்லாத உரையாடல் கூட்டத்துக்கு வந்த வாரமே போய்விடுங்கள். ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி ஒருவர் அங்கே இரண்டு குளிர்காலம் வியாழன்தோறும் என்னுடன் உட்கார்ந்தார். வேலை செய்வதை அவர் ‘ஆர்பைட்டன்’ என்று சொல்லமாட்டார். இந்தப் பக்கத்து வழக்கில் ‘ஷஃப’ என்பார். எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்பதுபோல் இருக்கும். என் நாட்குறிப்பை வாங்கி, நிறம் மாறிப்போன சொற்களைப் பென்சிலால் சுழித்துவிட்டு, மண்டியின் பெயரைக் காட்டி அது எந்த ஊர், மஞ்சள் எந்த மாதம் வெட்டுவீர்கள் என்று கேட்பார். தை, மாசியில் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயவைப்பதை அவருக்குச் சொல்லிமுடிக்க எனக்கு மூன்று வியாழக்கிழமைகள் ஆயின.