தொண்டு நிறுவனம் வளர நன்கொடையாளர் என்ன செய்யலாம்? குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நிதி கொடுப்பவர்களும் நிதி பெறுபவர்களும் ஒரே இடத்தில் கேள்வி கேட்பது நம் மாவட்டத்தில் அரிது. இம்முறை இரு தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்தன. தொண்டு நிறுவனங்களின் கணக்குகளையும் நிதி ஒப்பந்தங்களையும் நெடுங்காலம் பார்த்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

நாகர்கோவில், குடும்ப அறக்கட்டளை ஒன்றின் அறங்காவலர்: மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் நிதி தருகிறோம். நாங்கள் கொடுப்பது முழுவதும் குழந்தைகளுக்கே போக வேண்டும், சம்பளத்துக்கும் வாடகைக்கும் போகக் கூடாது என்பது எங்கள் நிபந்தனை. இது சரிதானே, ஐயா?

உங்கள் அக்கறை நியாயமானது. ஆனால் நிபந்தனை நீங்கள் விரும்பும் பலனுக்கே தடையாக நிற்கிறது. படிப்பு மையத்தில் குழந்தைக்குக் கிடைப்பது பாடம். அந்தப் பாடத்தைக் கொடுப்பவர் ஆசிரியர். அவருடைய சம்பளத்தை விலக்கிவிட்டால் நோட்டும் பேனாவும் மாலைச் சிற்றுண்டியும்தான் மிஞ்சும்.

இத்தகைய நிபந்தனையின் கீழ் நடக்கும் நிறுவனங்களில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். கணக்கர் வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வருவார். அதனால், நிதி எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமாகும். தாமதத்தைக் கண்ட நன்கொடையாளர் நிர்வாகம் சரியில்லை என்று முடிவு செய்து அடுத்த ஆண்டு நிதியைக் குறைப்பார். குறைந்த நிதியில் அந்தக் கணக்கரும் போய்விடுவார். நல்ல ஆசிரியரோ, கொஞ்சம் கூடுதலாகச் சம்பளம் கிடைத்ததும் தனியார் பள்ளிக்குச் சென்றுவிடுவார். இப்படி நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே போகும். இதற்குப் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல.

எனவே, உங்கள் திட்டத்தின் வரவு செலவை மட்டும் பார்க்காமல், நிறுவனத்தின் ஓராண்டு முழுச் செலவையும் கேட்டு வாங்குங்கள். வாடகை, தணிக்கை, கணக்குப் பணி, பொறுப்பாளரின் நேரம் ஆகியவற்றில் உங்கள் திட்டத்துக்கு எவ்வளவு பயன்படுகிறதோ அந்தப் பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சதவீதத்தை முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டாம். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் அமைப்பின் செலவும் படிப்பு மையத்தின் செலவும் ஒரே விதமாக அமையாது.

தக்கலை, வணிக நிறுவனம் ஒன்றில் சிஎஸ்ஆர் (சட்டப்படி நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் செலவிடும் நிதி) பொறுப்பாளர்: நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறதே, நாங்கள் எப்படிக் கூடுதலாகக் கொடுப்பது?

அந்த 5 சதவீத வரம்பு, உங்கள் நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பணியைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கானது. குறிப்பிட்ட ஒரு திட்டத்தை வடிவமைப்பதற்கும் நடத்துவதற்கும் கண்காணிப்பதற்கும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. ஆகவே களப்பணியாளர் சம்பளம், அவர்களுக்கான பயிற்சி, தகவல் சேகரிப்பு ஆகியவற்றைத் திட்டச் செலவாக வெளிப்படையாகவே எழுதச் சொல்லுங்கள்.

ஓராண்டுக்கு மட்டுமே நிதி தர முடியும் என்பதும் பரவலான தவறான எண்ணம். 2021 முதல் உள்ள விதிகளின்படி, தொடர் திட்டமாக அறிவிக்கப்பட்ட பணியை, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மேலும் 3 ஆண்டுகள் வரை நடத்தலாம். செலவாகாமல் மீந்த தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் அதற்கென உள்ள தனி வங்கிக் கணக்கில் செலுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் தொண்டு நிறுவனத்தின் மூலதன நிதிக்கு சிஎஸ்ஆர் பணம் கொடுக்க முடியாது. திட்டத்தோடு தொடர்பில்லாத பொதுச் செலவையும் அதில் காட்ட முடியாது. வெளிநாட்டு நிதிக்கும் கட்டுப்பாடு இறுகிவிட்டது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தால் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது; பெரிய அமைப்பு தான் பெற்றதைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதும் தடை செய்யப்பட்டது. இந்த நிலையில், கட்டுப்பாடில்லாமல் கொடுக்கக்கூடிய பணம் உள்ளூர்க் குடும்ப அறக்கட்டளைகளிடமும் தனி நபர்களிடமும்தான் இருக்கிறது. மற்றவர்களால் கொடுக்க முடியாத செலவுக்கு அந்தப் பணம் போக வேண்டும் என்பதை மேலே கேள்வி கேட்ட அறங்காவலருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

குளச்சல், மீன் விற்கும் பெண்களுக்கான அமைப்பின் செயலாளர்: சில ஊர்களில் நன்றாக நடக்கும் எங்கள் பணியை, ஒரே ஆண்டில் கடற்கரை முழுவதும் விரிவாக்கச் சொல்கிறார் நன்கொடையாளர். மறுத்தால் நிதி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் தயக்கத்துக்கு இந்தக் கடற்கரையின் அனுபவமே சான்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, அமைப்புகளின் கொள்ளளவை மீறிய வேகத்தில் பணம் வந்தது. தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் தேவைக்கு மேல் படகுகள் வழங்கப்பட்டன. அவசரமாக ஆள் சேர்த்த அமைப்புகள், நிவாரண நிதி நின்றதும் அவர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் குறையில்லை; வாங்கிச் செயல்படும் திறனை முதலில் வளர்க்காததே குறை.

மேலும், நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை ஒரே கடற்கரை என்றாலும் வாழ்க்கை ஒன்றல்ல. தூத்தூர் வட்டாரத்து ஆண்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பவர்கள். 2017 ஒக்கிப் புயலில் அவ்வூர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அன்றன்று கரை திரும்பும் ஊரில் வெற்றி பெற்ற திட்டத்தை அங்கே அப்படியே நடத்த முடியாது.

வளர்ச்சி என்பது ஊர்களின் எண்ணிக்கை மட்டும் அல்ல. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, நமக்கு அருகிலுள்ள திருநெல்வேலிக்கு வந்தது 1988-இல்தான். 1992-இல் பிற மருத்துவமனைகளுக்குத் தன் முறையைக் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி நிறுவனத்தை அது தொடங்கியது. அதற்கு லயன்ஸ் சங்கங்களின் உதவி கிடைத்தது. கிளை திறக்க மட்டுமல்லாமல், கற்றுக்கொடுக்கும் திறனுக்கும் நிதி கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எனவே மறுக்க வேண்டாம். மாற்றுத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுங்கள். முதலாண்டு இரண்டாம் நிலைப் பொறுப்பாளர்களைத் தயார் செய்யவும், கணக்கு முறையைச் சீராக்கவும், புதிய ஊர்ப் பெண்களோடு பேசித் தேவையை அறியவும் நிதி கேளுங்கள். அதன்பின் ஒன்றிரண்டு ஊர்கள். இதைப் பொறுமையாகக் கேட்காத நன்கொடையாளரின் பணம், உங்கள் பழைய பணியையும் சேர்த்துக் குலைத்துவிடும்.

மார்த்தாண்டம், தேனீ வளர்ப்போர் குழு: திறன் வளர்ப்பு என்று எங்களை அடிக்கடி நகரத்துப் பயிலரங்குகளுக்கு அழைக்கிறார்கள். பயன் தெரியவில்லை.

எந்தத் திறன் வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். நன்கொடையாளர் அதற்கு நிதி தர வேண்டும். உங்களுக்கு வேண்டியது தேனின் தரப் பரிசோதனையா, விலை பேசும் அறிவா என்பது வெளியூர்ப் பயிற்சியாளருக்குத் தெரியாது. 1920-களில் உங்கள் ஊரில் ஒய்எம்சிஏ ஊரக மையம் தேனீ வளர்ப்பைப் பரப்பியபோது, கற்றுக்கொடுத்தவர்கள் அங்கேயே தங்கி, செய்து காட்டினார்கள்.

தோவாளை, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்: கொடுத்த பணம் பயன்பட்டதா என்பதை எப்படி அறிவது?

திட்டத்தால் என்ன பலன் விளைந்தது என்று ஆராயும் தாக்க மதிப்பீட்டை, சட்டமே எல்லோரிடமும் கேட்கவில்லை. முந்தைய 3 ஆண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் சிஎஸ்ஆர் கடமை உள்ள நிறுவனங்களுக்கு, அதுவும் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்குத்தான் அது கட்டாயம். ஆகவே சில லட்சம் கொடுத்துவிட்டு நீண்ட படிவங்களை நிரப்பச் சொல்வது பொருத்தமில்லை. நிறுவனம் தன் வேலைக்காகவே பார்க்கும் ஓரிரு அளவுகளைக் கேளுங்கள். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் அமைப்பு என்றால், அழைப்பு வந்ததிலிருந்து முதல் வருகை வரை எத்தனை நாள் ஆகிறது என்பது போதும். பல நன்கொடையாளர்கள் இருந்தால் எல்லோரும் ஒரே அறிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள். நேரில் சென்று பயனாளிகளிடம், பொறுப்பாளர் அருகில் இல்லாதபோது பேசுங்கள்.

கருங்கல், மாற்றுத்திறன் குழந்தைகள் மையத்தின் பொறுப்பாளர்: நன்கொடையின் இரண்டாம் தவணை எப்போதும் தாமதம், சம்பளம் தள்ளிப் போகிறது. கொஞ்சம் சேமித்தாலோ, உங்களிடம்தான் பணம் இருக்கிறதே என்கிறார்கள்.

அம்மா, சேமிப்பது குற்றமல்ல. பதிவு பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். மீதி 15 சதவீதத்தை ஒதுக்கி வைக்க வருமான வரிச் சட்டமே இடம் தருகிறது. குறைந்தது 3 மாதச் செலவுக்கான கையிருப்பு வேண்டும் என்பது என் கருத்து. கையிருப்பைக் கண்டு நிதியைக் குறைக்கும் நன்கொடையாளர், சிக்கனமாக நடத்தியவரைத் தண்டிக்கிறார். தவணைத் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். முதல் தவணையில் ஆறு மாதச் சம்பளம் அடங்குமாறு பிரித்துக் கேளுங்கள்.

குலசேகரம், நன்கொடையாளர்: நாங்கள் ஆதரிக்கும் அமைப்பின் நிறுவனர் முதுமை அடைந்துவிட்டார். அவருக்குப் பின் யாரும் இல்லை. விலகிவிடலாமா?

இப்போது விலகினால் அமைப்பு அவரோடு முடிந்துவிடும். அடுத்தவராக வரத் தகுதியுள்ள ஒருவரின் சம்பளத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். நிறுவனர் இருக்கும்போதே அந்தப் புதியவர் வங்கிக் கையொப்பம், அரசு அலுவலகத் தொடர்பு, ஊழியர் சந்திப்பு ஆகியவற்றைப் பழகிக்கொள்ளட்டும். எப்படியும் விலகத்தான் வேண்டும் என்றால் ஓராண்டு முன்னதாக எழுத்தில் தெரிவியுங்கள். கடைசி ஆண்டு நிதியை அவர்கள் விரும்பிய செலவுக்குப் பயன்படுத்த அனுமதியுங்கள்.