அப்பா நினைவில் திரட்டிய பணம் வெளிநாட்டுக்குப் போகிறதா?

அப்பா நினைவில் ஓடி, பிரிட்டனில் புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் தரும் அறக்கட்டளையான கேன்சர் ரிசர்ச் யூகே-வுக்கு நிதி திரட்டியிருக்கிறீர்கள். "அது பிரிட்டனுக்கு வெளியே இருக்கிற லேப்புக்குத்தான் போகும், வேறு அமைப்புக்கு மாற்று" என்கிறார் உங்கள் மச்சான்.

முதலில் சட்டம். ஓர் அறக்கட்டளையின் பெயரைச் சொல்லி வாங்கிய காசை உங்கள் இஷ்டத்துக்கு வேறொன்றுக்குத் திருப்ப முடியாது. கொடுத்தவர்கள் கேள்வி கேட்பார்கள். அடுத்த ஓட்டத்துக்கு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

மச்சான் சொல்வதில் பாதி உண்மை, கொஞ்சம் வெளியே போகத்தான் செய்கிறது. ஆனால் அது நல்லதுக்கே. ஸ்பெயின், இத்தாலி புற்றுநோய் அறக்கட்டளைகளோடு சேர்ந்து, பல நாட்டு ஆய்வாளர்கள் கூட்டாகச் செய்யும் வேலைக்கு 'ஆக்செலரேட்டர்' என்ற நிதியைக் கேன்சர் ரிசர்ச் யூகே கொடுத்தது. கேன்சர் ரிசர்ச் யூகே பணம் போட்ட மியூட்டோகிராஃப்ஸ் ஆய்வைப் பாருங்கள்; புற்றுநோய்க்குக் காரணமானவை கட்டியின் மரபணுவில் விட்டுச்செல்லும் மாற்றங்களைத் தேடும் ஆய்வு அது. சிறுநீரகப் புற்றுநோய்க் கட்டிகள் 962, மொத்தம் 11 நாடுகளிலிருந்து. 2024-ல் முடிவு வந்தது. ஜப்பானிய நோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்களின் கட்டியில் அப்படி ஒரு குறிப்பிட்ட மரபணுத் தடம் இருந்தது. மற்ற நாடுகளில் அது அபூர்வம். காரணம் இன்னும் பிடிபடவில்லை. ருமேனியா, செர்பியாவில் தெரிந்ததோ, சில செடிகளில் இருக்கும், புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சான அரிஸ்டோலோகிக் அமிலத்தின் தடம். (நம்ம ஊர் ஆடுதின்னாப்பாளையும் அதே செடிக் குடும்பம்தான். கஷாயம் வைப்பவர்கள் கவனிக்க.) பிரிட்டிஷ் நோயாளிகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம், ஓட்டத்துக்குக் காசு கொடுத்தவர்கள் பிரிட்டனில் வரி கட்டுபவர்கள் என்றால், நன்கொடைக்கு அரசு வரிப் பணத்தைச் சேர்த்துத் தரும் 'கிஃப்ட் எய்டு' திட்டத்துக்கு டிக் போடச் சொன்னீர்களா? ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அறக்கட்டளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். மச்சானிடம் அதைக் கேளுங்கள், அவர் கொடுத்தாரா என்று.